க்ரே கார்டன்ஸ்: பார்க்கும் வரிசையும், ஊக்கு குத்தும் முறையும்

‘க்ரே கார்டன்ஸ்’ என்பது அமெரிக்காவில் ஒரு மாளிகையின் பெயர், அதில் வாழ்ந்த அம்மா, மகளைப் பற்றிய 1975 ஆவணப்படத்தின் பெயரும் அதுதான். அதையும் அதிலிருந்து பிறந்தவற்றையும் எந்த வரிசையில் பார்ப்பது, அந்த மகளைப் போல ஊக்கு குத்தி உடை கட்டுவது எப்படி என்பதுதான் இங்கே. இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, 2009-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ எடுத்த படத்திலிருந்து ஆரம்பிப்பது. ட்ரூ பேரிமோர், ஜெசிகா லாங் என்று தெரிந்த முகங்கள். யாருக்கு யார் என்ன உறவு என்பதும் விளங்கிவிடும். வசதிதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு 1975-இன் ஆவணப்படத்தைப் போட்டால், அசல் மகள் சின்ன ஈடி வாயைத் திறந்ததும் பேரிமோரைப் போல மிமிக்ரி செய்கிறாரோ என்று தோன்றும். இந்தக் கோளாறு லேசில் போகாது. அதனால் எத்தனை பேர் எதைச் சிபாரிசு செய்தாலும் முதலில் ஆவணப்படம். மற்றதெல்லாம் அதற்கு எழுதிய உரைகள்தான்.

படம் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். அம்மா, மகள் இருவர் பெயரும் ஈடித். அதனால்தான் பெரிய ஈடி, சின்ன ஈடி. பெரிய ஈடி 1895-இல் பிறந்தவர், சின்ன ஈடி 1917-இல். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலினுடைய அப்பாவின் சகோதரிதான் பெரிய ஈடி. ஆங்கிலத்தில் இதைச் சுற்றி வளைத்து விளக்குவார்கள், நமக்கு ஒரே வார்த்தை: அத்தை. சின்ன ஈடி அத்தை மகள். வீடு நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் இருக்கிறது. கடலோரப் பணக்காரர்களின் கோடை வாசஸ்தலம். அந்த ஊரில் கூரை பிய்ந்து, பூனைகளும் ரக்கூன்களும் குடியேறி நின்ற ஒரே மாளிகை இது. 1971-இல் சஃபோக் கவுண்டி சுகாதாரத் துறை உள்ளே நுழைந்தது, செய்தி பத்திரிகைகளில் வந்தது. 1972-இல் ஜாக்குலினும் தங்கை லீ ராட்ஸிவில்லும் பணம் போட்டுச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஆவணப்பட இயக்குநர் ஆல்பர்ட் மேசல்ஸ் கேமராவுடனும் தம்பி டேவிட் ஒலிப்பதிவுக் கருவியுடனும் அங்கே போய்ப் படம் பிடித்தது 1973-இல். அதாவது படத்தில் நீங்கள் பார்ப்பது சுத்தம் செய்த பிறகான வீடு. இது தெரியாமல் பார்ப்பவர்கள்தான் ‘உறவுக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லையா’ என்று பாதிப் படம் புலம்பிக்கொண்டிருப்பார்கள்.

திரையைச் சரிசெய்வது

படம் 16 எம்எம் பிலிமில் எடுத்தது, சட்டகம் 4:3. டிவி தானாக அகலப்படுத்திக் காட்டினால் இரண்டு ஈடிகளும் குண்டாகத் தெரிவார்கள். ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ அமைப்புக்கு மாற்றி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதா என்று பாருங்கள். ‘விவிட்’ நிறத்தை அணையுங்கள், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் பிலிமின் பொடி மணல் போன்ற பரல் எல்லாம் அழிந்து, நேற்று எடுத்த சீரியல் மாதிரி ஆகிவிடும்.

படத்தை விட ஒலிக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். அம்மாவும் மகளும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசுகிறார்கள். ஒருவர் கேமரா முன்னால் இருப்பார், இன்னொருவர் மாடி அறையிலிருந்து கத்துவார், நடுவில் ரேடியோ ஓடும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அந்த இரண்டாவது குரல் காணாமல் போய்விடும். வெளி ஸ்பீக்கரோ ஹெட்போனோ கட்டாயம். சீலிங் ஃபேனை ஒரு புள்ளி குறையுங்கள். ஆங்கிலம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூரே கிடைத்தால் அதுவே போதும். இயக்குநர்கள் பேசும் ஒலிவிளக்கமும் அதில் உண்டு, ஆனால் அதை மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தடவை, ஒரு வார இடைவெளி

படம் 94 நிமிடம். பின்னணிக் குரல் இல்லை, பேட்டி இல்லை. ஆரம்பத்தில் சில பத்திரிகைத் துணுக்குகள், பிறகு நேராக வீட்டுக்குள். முதல் 20 நிமிடம் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றுவது சகஜம். தாண்டிவிடுங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இந்தப் படம் செத்துவிடும். ஒரே சண்டைதான் மறுபடி மறுபடி வருகிறது, யார் யாருடைய வாழ்க்கையைக் கெடுத்தது என்ற சண்டை. ஒவ்வொரு தடவையும் அது ஒரு சுற்று இறுகுவதை உணர வேண்டுமானால் ஒரே மூச்சில் உட்கார வேண்டும்.

முதல் தடவை எல்லாரும் சின்ன ஈடியைத்தான் பார்ப்போம். வேறு வழியில்லை, கண் நகராது. ஒரு வாரம் கழித்து இரண்டாவது தடவை பார்க்கும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: சட்டகத்தில் யார் இல்லையோ அவரைக் கேளுங்கள். மகள் கேமராவிடம் ரகசியக் குரலில் பேசுவது ஏன் என்று அப்போதுதான் புரியும். பத்தடி தூரத்தில் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பழைய பாட்டைப் பாடும்போது மகளுடைய குரல் எங்கிருந்து, எந்த வரியில் குறுக்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருவருமே மேடை ஏற ஆசைப்பட்டவர்கள். வீட்டில் மேடை ஒன்றுதான், அதற்கு ஆள் இரண்டு.

எடை பார்க்கும் காட்சியையும் தவறவிடாதீர்கள். தரையில் கிடக்கும் எடை மிஷின் மேல் நின்றபடி, கீழே உள்ள எண்ணைப் படிக்கச் சின்ன ஈடி பைனாகுலரை எடுக்கிறார். வாய்விட்டுச் சிரிப்பு வரும் இடம். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எண் கண்ணுக்குத் தெரியவில்லை, கையில் பைனாகுலர் இருக்கிறது, பயன்படுத்துகிறார், அவ்வளவுதான். அந்த ஆளைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. கீழே உடை கட்டும்போது இதே கணக்கு திரும்ப வரும்.

அடுத்து என்ன

2006-இல் மேசல்ஸே தன் மிச்சப் பிலிமிலிருந்து தொகுத்த ‘தி பீல்ஸ் ஆஃப் க்ரே கார்டன்ஸ்’ இரண்டாவது. இது தனிப் படம் அல்ல, ஊறுகாய். ஆவணப்படத்தைப் பார்த்து ருசி பிடித்தவர்களுக்கு மட்டும். பிடிக்காதவர்களை இது மாற்றப்போவதில்லை.

மூன்றாவது இசைநாடகம். டக் ரைட் எழுத்து, ஸ்காட் ஃப்ராங்கல் இசை, மைக்கேல் கோரி பாடல்கள். 2006-இல் முதலில் ப்ளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் அரங்கில் போட்டார்கள், அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயின் வால்ட்டர் கெர் அரங்குக்குப் போனது. இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். முதல் பாகம் 1941. அதில் அம்மாவாக வரும் நடிகையே, 1973-இல் நடக்கும் இரண்டாம் பாகத்தில் மகளாக வருகிறார். கிறிஸ்டின் எபர்சோல் அப்படி இரண்டையும் செய்து, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார். இரண்டாம் பாகத்தின் அம்மாவாக நடித்த மேரி லூயி வில்சனுக்கும் விருது கிடைத்தது. பாட்டை மட்டும் கேட்பவர்களுக்கு இந்த இடமாற்றம் தெரியாது, ஒரே குரல் ஏன் இரண்டு பேராக வருகிறது என்று குழம்புவார்கள். உண்மையில் நாடகம் சொல்ல வந்ததே அந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது: மகள் எந்த அம்மாவிடமிருந்து ஓட நினைத்தாளோ, அந்த அம்மாவின் உடம்புக்குள்ளேயே வந்து நிற்கிறாள்.

முதல் பாகத்தில் சின்ன ஈடிக்கும் ஜான் கென்னடியின் அண்ணன் ஜோசப் கென்னடி ஜூனியருக்கும் நிச்சயதார்த்த விருந்து நடக்கிறது. இது நாடகத்துக்காகக் கட்டியது. வரலாறு என்று எடுத்துக்கொண்டு மற்றவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

நாடகத்தை நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு இசைத்தட்டுதான் வழி. இரண்டு பதிப்புகள் உண்டு, பிராட்வேக்கு முந்தையது ஒன்று, பிராட்வேயினுடையது ஒன்று. இடையில் பாடல்களை மாற்றியிருக்கிறார்கள், அதனால் பிராட்வே பதிப்பையே எடுங்கள். அரங்கில் யாரோ செல்போனை மடியில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பிடித்த பதிவுகள் இணையத்தில் சுற்றும். அவற்றில் முன்வரிசைக்காரரின் தலைதான் நன்றாகத் தெரியும். கேட்கும்போது முதல் பாகத்தைத் தள்ளிவிட்டு நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகும் ஆசை வரும், ஏனென்றால் ‘தி ரெவல்யூஷனரி காஸ்ட்யூம் ஃபார் டுடே’ அங்கேதான் தொடங்குகிறது. போகாதீர்கள். முதல் பாகத்தின் மினுக்கான பார்ட்டிப் பாட்டுகளைக் காதில் வாங்கியிருந்தால்தான் கடைசிக்குப் பக்கத்தில் வரும் ‘அனதர் விண்டர் இன் எ சம்மர் டவுன்’ நெஞ்சில் உட்காரும்.

இப்போது எச்பிஓ படத்துக்கு வரலாம். மைக்கேல் சக்ஸி இயக்கியது. நடிப்பு அபாரம், ஜெசிகா லாங்குக்கு எம்மி, பேரிமோருக்குக் கோல்டன் குளோப். ஆவணப்படம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இது சொல்கிறது: திருமணமான ஆளோடு சின்ன ஈடிக்கு இருந்த உறவு, தலைமுடி கொட்டியது, 1952-இல் அவர் நியூயார்க் நகரத்தை விட்டு வீடு திரும்பியது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆவணப்படத்தில் நம் முன்னால் விடையில்லாமல் கிடந்த கேள்விக்கு இது ஒரு விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது. பார்த்து முடித்ததும் ஆவணப்படத்தின் முதல் 10 நிமிடத்தை மறுபடி ஓடவிடுங்கள், காது பழைய குரலுக்குத் திரும்பிவிடும்.

நேரம் இருந்தால் 2017-இல் வந்த ‘தட் சம்மர்’. லீ ராட்ஸிவில்லும் புகைப்படக்காரர் பீட்டர் பியர்டும் 1972-இல் மேசல்ஸ் சகோதரர்களை வைத்துத் தொடங்கிக் கைவிட்ட படத்தின் பிலிம் சுருள்கள் அதில் இருக்கின்றன. வீட்டைச் சீர்செய்துகொண்டிருந்த கோடைக்காலம் அது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ‘டாக்குமென்டரி நவ்!’ தொடரின் 2015 நையாண்டி அத்தியாயம், ‘சாண்டி பாசேஜ்’. பில் ஹேடர், ஃப்ரெட் ஆர்மிசன். முதலில் பார்த்தால் அது வெறும் கோமாளித்தனம். கடைசியில் பார்த்தால் எந்தக் கேமரா அசைவைக் கிண்டல் செய்கிறார்கள் என்பது வரை பிடிபடும்.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும். மூன்றாவது படத்தில் எல்லா ஈடிகளும் ஒரே ஈடியாகக் கலங்கிவிடுவார்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

மக்காச்சோளம்

நண்பர்களைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், படத்திலேயே இருக்கிறது: பிஸ்கட் மேல் தடவிய ஈரல் பேஸ்ட், டப்பாவிலிருந்தே தின்னும் ஐஸ்கிரீம், கட்டில் பக்கத்துச் சின்ன அடுப்பில் பெரிய ஈடி வேகவைக்கும் சோளக்கதிர். வீட்டு வேலைகளில் கூடமாட இருக்கும் இளைஞன் ஜெர்ரிக்கு அவர் கதிரைக் கொடுப்பதைத்தான் இசைநாடகத்தில் ‘ஜெர்ரி லைக்ஸ் மை கார்ன்’ என்று பாட்டாக்கினார்கள்.

ஆறு பேருக்கு ஆறு ஸ்வீட் கார்ன், 3 லிட்டர் தண்ணீர். 1,000 வாட் மின் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவே 25 நிமிடம் எடுக்கும், அதனால் படம் தொடங்கும்போதே மூடிபோட்டு ஏற்றிவிடுங்கள். கொதித்தபின் கதிருக்கு 5 முதல் 7 நிமிடம் போதும். நாட்டு மக்காச்சோளமாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, குக்கரில் முன்கூட்டியே வேகவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசிக் காட்சி வரை கடித்துக்கொண்டிருப்பீர்கள். உடை கட்டியவர் அடுப்புப் பக்கம் போக வேண்டாம். தலைத்துணியின் வால் பின்னால் தொங்கும், அக்ரிலிக் நூல் என்றால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அந்த உடை

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், வீட்டு வெளியில் நின்றுகொண்டு சின்ன ஈடி தன் உடையை விளக்குகிறார். குட்டைப் பாவாடைக்குள் காற்சட்டை, காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்ட காலுறை, வேண்டுமென்றால் பாவாடையைக் கழற்றி மேலே போர்வையாகப் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருக்கிறார். இதைக் கட்டுகிறவர்கள் தோற்பது ஒரே இடத்தில்தான்: ‘பைத்தியக்காரி வேஷம்’ என்று நினைத்துக் கந்தலும் கலர் கலருமாக எதையாவது சுற்றிக்கொள்வார்கள். அவர் உடையில் கந்தல் கிடையாது. நிறம் ஒரே குடும்பத்தில் இருக்கும், இடுப்பு சிக்கென்று இருக்கும், ப்ரோச் வைத்த இடம் யோசித்து வைத்ததாக இருக்கும். ஒரு காலத்தில் மாடலாக வேலை பார்த்தவர். தையல் மட்டும்தான் இல்லை. ஊக்குதான் எல்லாம்.

வேண்டியவை: மெல்லிய பருத்திப் பின்னல் முழுக்கைச் சட்டை இரண்டு, ஒரே நிறச் சாயலில். பழுப்பு என்றால் பழுப்பு. ஒன்று உடம்புக்கு, ஒன்று தலைக்கு. முன்பக்கம் திறந்து சுற்றிக்கட்டும் ராப்பரவுண்ட் பாவாடை, 50 முதல் 55 செ.மீ நீளம், விரித்தால் 140 செ.மீயாவது அகலம். குட்டைக் காற்சட்டை ஒன்று, அடர்த்தியான நைலான் காலுறை ஒன்று. 5 செ.மீ ஊக்கு எட்டு. சேலை மடிப்புக்குக் குத்தும் பொடி ஊக்கு இங்கே தாங்காது. பொன்னிற ப்ரோச் ஒன்று, 20 கிராமுக்கு மேல் வேண்டாம்.

தலையிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் கடைசியில் செய்தால் கை சோர்ந்து கோணிப்போகும். முடியைப் படிய வாரி, அகலப் பருத்திப் பட்டை ஒன்றால் கட்டுங்கள். சட்டையைப் போடுவது போலத் தலைக்குள் நுழைத்து, கழுத்து வளையம் நெற்றிக்கு வந்ததும் நிறுத்துங்கள். வளையம் நெற்றியிலிருந்து தாடைக்கு அடிவரை முகத்தைச் சுற்றி நிற்க வேண்டும். சட்டையின் உடல் பின்னால் முக்காடு போலத் தொங்கும், கைகள் இரண்டும் காதுப் பக்கம் இருக்கும். தொங்கும் துணியைப் பிடரியில் கொத்தாகச் சேர்த்து, இரண்டு கைகளையும் அதன் மேல் சுற்றி ஒரு முடிச்சு. முடிச்சுக்குக் கீழே மிஞ்சுவதுதான் வால்.

கழுத்து வளையம் இழுத்தால் 60 செ.மீ வரை கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அரை மணியில் தலைவலி வந்துவிடும். மிகத் தளர்ந்த வளையம் நெற்றியிலிருந்து பின்னுக்கு வழுக்கும். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஹேர்பின்னை உள்ளே உள்ள பருத்திப் பட்டையோடு சேர்த்துச் செருகினால் நிற்கும். கம்பளி ஸ்வெட்டரை எடுத்தால் தலை பூசணிக்காய் ஆகிவிடும், நம்மூர் வெக்கைக்கு அது தாங்கவும் தாங்காது. ப்ரோச்சை நடு நெற்றியில் வைக்காதீர்கள், மகாராஜா தலைப்பாகை போல ஆகிவிடும். ஒரு பக்கமாக, முகத்தோரத்தில் வையுங்கள். உள்பக்கம் 5 செ.மீ சதுரத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி கொடுத்துக் குத்தினால் பின்னல் துணி பள்ளமாகத் தொங்காது.

அடுத்து காற்சட்டை, அதற்கு மேல் காலுறையை இழுத்துவிடுங்கள். வரிசை மாறக்கூடாது. அதற்கு மேலே பாவாடை, தலைகீழாக. கீழ் ஓரம் இடுப்புக்கு வரும், இடுப்புப் பட்டி முழங்காலுக்கு இறங்கும். மூடித் தைத்த பாவாடையில் இதைச் செய்து பார்த்து விழுந்தவர்கள் உண்டு. இடுப்பளவுப் பட்டி இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டிப்போட்டால் அடி எப்படி எடுத்து வைப்பது? அதனால்தான் திறந்த பாவாடை. மேல் ஓரத்தை 4 செ.மீ உள்ளே மடியுங்கள், ஊக்கு இரட்டைத் துணியைப் பிடிக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்று 25 செ.மீ ஏறும்படி சுற்றி, இடது முன்பக்கத்தில் மூன்று ஊக்கு. ஊக்கைப் படுக்கைவாட்டில் குத்துங்கள். நெட்டுக்குத்தாகக் குத்தினால் இழுவை முழுக்கக் கம்பியின் நடுவில் விழுந்து, உட்காரும்போது வாய் திறந்துகொள்ளும். கீழே தொடைப் பக்கம் இரண்டு ஊக்கு, நடக்கும்போது திறப்பு விலகாமல் இருக்க. எந்த ஊக்கும் காலுறையைப் பிடிக்கக்கூடாது, ஒரு நூல் அறுந்தால் கணுக்கால் வரை ஓடிவிடும். நாடாக்களை உள்ளே செருகிவிடுங்கள்.

பத்து தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பிறகு முக்கியமான சோதனை: வலது கையால் மட்டும் ஐந்து ஊக்கையும் கழற்றி, பாவாடையை உருவித் தோளில் போட்டு, ஒரு ஊக்கால் தொண்டைக்குக் கீழே பூட்ட வேண்டும். அரை நிமிடத்தில் முடியவில்லை என்றால் ஊக்குகளை எட்டாத இடத்தில் குத்தியிருக்கிறீர்கள். இது போர்வையாக மாறவில்லையென்றால் அந்த உடையே இல்லை. வெறும் தலைகீழ்ப் பாவாடை.

பேச ஆசைப்பட்டால் சத்தத்தைக் குறையுங்கள். ‘ஸ்டான்ச்’ (உறுதி தளராத ஆள்) என்ற வார்த்தையை அவர் எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் இடத்தை எல்லாரும் கத்திக் கெடுப்பார்கள். கேமராவுக்கு மிக அருகில் வந்து, அம்மாவுக்குக் கேட்டுவிடுமே என்ற ஜாக்கிரதையோடு சொல்லிப் பாருங்கள், ஆங்கில உச்சரிப்பு சுமாராக இருந்தாலும் ஆள் வந்துவிடுவார். தலைத்துணியைக் கழற்றிக் காட்டும் ஜோக் மட்டும் வேண்டாம். முடி உதிரும் நோய்க்காகத்தான் அவர் தலையை மூடியிருந்தார்.

கழற்றும்போது முதலில் ப்ரோச், பிறகு ஹேர்பின், பிறகு முடிச்சு. இந்த வரிசையை விட்டுத் தலைத்துணியை நேராக உருவினால் நெற்றியில் கீறல் நிச்சயம். குத்திய ஊக்கு எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருங்கள், கழற்றியதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் துணியை வாஷிங் மிஷினில் போடாதீர்கள். பெரும்பாலும் அது பாவாடையின் 4 செ.மீ மடிப்புக்குள்தான் இருக்கும்.